காது மெத்தை

முன்பின் தெரியாத ஒருவருடைய காது வேர்வையை நீங்கள் எப்போதாவது விரலால் தொட்டிருக்கிறீர்களா? தொட்டிருந்தால், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஹெட்போனைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வனிதாமணியின் முகம் ஏன் அப்படிக் கோணிக் கிடக்கிறது என்று சொல்லாமலே விளங்கும். இத்தனை மாதமாக மேலே மாட்டியிருந்த பனியன் துணி உறையை இன்றைக்குத்தான் உருவினாள், உருவியதும் அடியில் அது இருந்தது, இருக்கும் என்று தெரிந்துதான் உறையே தைத்தாள், ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறல்லவா. கறுப்பு ரெக்சின் வளையம், சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரி செதில் செதிலாக உரிந்து, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு, உதறினால் போகாமல், அடுத்த விரலால் தட்டினால் அந்த விரலுக்குத் தாவி உட்கார்ந்துகொள்கிறது. தையலோரத்தில் மஞ்சளாக ஒரு பிசுக்கு. பிசுக்கில் சிக்கிய ஒரு நரைமுடி, குட்டையாக. ஆம்பிளை முடி. இந்த ஹெட்போனை இவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு ஆம்பிளை, எண்ணெய் தேய்த்த தலையோடு பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருப்பான், அவன் காதும் என் காதும் நடுவே ஒரு பனியன் துணி மட்டும் வைத்து இத்தனை நாள் ஒட்டிக் கிடந்திருக்கின்றன, சே, நினைத்தாலே கழுத்துப் பிடரி கூசுகிறது. மழைக்காலத்தில் பைக்குள் மறந்துபோன ஈரத்துண்டின் வாசம் வந்தது. இரண்டு விரல் நகத்தால் மட்டும் வளையத்தின் விளிம்பைப் பிடித்தாள். பாப்பா வயிற்றால் போனால் வெறுங்கையால் அள்ளிப் போட்டுவிட்டு அதே கையைக் கழுவிச் சோறு உண்கிறவள்தான் இவள், தம்பி தாமோதரனுக்குச் சின்னதில் மூக்குச் சிந்தி அதைத் தன் பாவாடையில் துடைத்தவள்தான், அப்போதெல்லாம் ஒரு குமட்டலும் வந்ததில்லை. நம்முடையது என்றால் அழுக்கு அழுக்காகவே தெரிவதில்லை போல. இப்படி யோசித்ததும் நகம் விளிம்பிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த யோசனை நேராகப் போய் மடிக்கணினியில் பாதியில் நிற்கிற அந்தக் குரல்மேல் முட்டிக்கொண்டது.

கேட்பதுதான் அவள் வேலை. கைப்பேசியில் முகம் காட்டாமல் ஊர் உலகமெல்லாம் கூடி அரட்டையடிக்கிற ஒரு செயலி இருக்கிறது. அதில் எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசினால் பேச்சு வாங்கியவர் பொத்தானை அழுத்திப் புகார் சொல்லலாம். உடனே கடைசியாகப் பேசியது மட்டும் துண்டாக வெட்டுப்பட்டு, வனிதாமணி போல வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வந்து சேரும். பெயர் வராது, எண் வராது, குரல் மட்டும் வரும். கேட்டுவிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். பச்சை என்றால் வெறும் பேச்சு. மஞ்சள் என்றால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். சிவப்பு என்றால் அந்த ஆளைச் செயலியை விட்டே தூக்கிவிடுவார்கள், மிரட்டல் இருந்தால் மேலே போய் அங்கிருந்து போலீசுக்கும் போகும். சென்னையிலிருந்து இவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஷெர்லி மேடம், "வார்த்தைய மட்டும் கேக்காதீங்க வனிதா, தொனியைக் கேளுங்க, பின்னாடி என்ன சத்தம் இருக்குன்னு கேளுங்க" என்றாள். கேட்டால்? வெற்றிலை எச்சிலைக் காதுக்குள் துப்பினது போல இருக்கும் ஒவ்வொன்றும். இளித்துக்கொண்டு பேசுகிறவன், மெதுவாகப் பேசுகிறவன், பக்கத்து அறையில் பெண்டாட்டி இருக்கிறாள் என்று கிசுகிசுக்கிறவன், எவளோ ஒருத்தியின் உடம்பைக் கசாப்புக் கடைக்காரன் மாதிரி பங்கு பிரிக்கிறவன். வேலை முடிந்ததும் அவள் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, இரண்டு காதுக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வெளியூரில் கிடக்கும் அவள் வீட்டுக்காரன் பழனிவேல் ஒருநாள் பார்த்துவிட்டு, "காதுக்கு எதுக்குடி சோப்பு?" என்று சிரித்தான். "நாளெல்லாம் சாக்கடை அள்றேன், குளிக்க வேண்டாமுங்களா?" என்றாள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

காலையில் பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது வந்த துண்டும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பெண்பிள்ளை, வயசு ரொம்பக் குறைவு, "வேணாங்கண்ணா, விட்ருங்கண்ணா" என்கிறாள். அவன் அவளுடைய போட்டோ தன்னிடம் இருக்கிறது என்கிறான். அவள் அண்ணன் படிக்கிற காலேஜ் வரைக்கும் தெரியும் என்கிறான். அப்புறம் அந்தப் போட்டோவில் அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிக்கிறான், ருசித்துச் சாப்பிடுகிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்தி. வனிதாமணிக்கு இதெல்லாம் புதுசு இல்லை, கை தானாகச் சிவப்புக்குப் போனது, போன கை நடுவழியில் நின்றுவிட்டது. தம்பி தாமு மாதிரி இருக்கே. சீ, என்ன நினைப்பு இது. தாமு மாதிரி. ஊரில் அந்த வயசுப் பையன்கள் பாதிப்பேர் அப்படித்தான் பேசுவார்கள், எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பேருந்து, ஒரே இழுவை. துண்டை அங்கேயே நிறுத்தினாள். சோறு ஆக்கினாள், பாப்பாவுக்கு ஊட்டினாள், பாத்திரம் கழுவினாள், கழுவும்போதெல்லாம் ஒரே நினைப்புதான்: இந்த ஹெட்போன்தான் சரியில்லை. பழைய ரெக்சின் வளையம், அதற்குமேல் என் துணி உறை, இரண்டையும் தாண்டி வருகிற குரல் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும், போர்வைக்குள் எல்லோர் குரலும் ஒன்றுதான். புது மெத்தை தைத்துப் பெட்டியில் போட்டு ஒரு வாரமாகிறது, பழையதைத் தொட அருவருப்புப்பட்டுத் தள்ளிப்போட்டாள். இன்றைக்கு மாற்றிவிடுவோம். மாற்றிவிட்டுக் கேட்டால் அவன் இல்லை என்று தெளிவாகத் தெரிந்துவிடும், நிம்மதியாகச் சிவப்பை அழுத்திவிட்டுக் காதைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம்.

நகத்தை உள்ளே கொடுத்து ஒரு இழுப்பு. இடது வளையம் பட்டென்று கழன்று வந்தது, செதில்கள் தாளெங்கும் சிதறின, எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி. ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தாள், துணி மஞ்சளானது, மடித்தாள், மறுபடி துடைத்தாள், மறுபடி மஞ்சள். உள்ளே சல்லடைக் கம்பிக்குப் பின்னால் அந்தத் தாள் மினுங்கியது. இந்த ஹெட்போனின் சூட்சுமமே அந்தத் தாள்தான் என்பான் தாமு. "சாதா ஹெட்போன்ல சின்னதா ஒரு கூம்பு ஆடும்க்கா. இது பிளேனர் மேக்னடிக். சவ்வாட்டம் ஒரு தாளு, ரெண்டு பக்கமும் காந்தப்பட்டை, நடுவுல தாளு முழுசா ஒரே நேரத்துல ஆடும். அதனாலதான் மூச்சு விடுறதுகூடக் கேக்கும்." காய்ச்சின பால்மேல் படிகிற ஆடை மாதிரியா என்று கேட்டாள் இவள், ஆமாம் அதேதான் என்றான். பாலாடை என்றாலே அவளுக்குச் சின்னதிலிருந்து குமட்டும், உதட்டில் வந்து ஒட்டும்போது ஏதோ உயிருள்ளது மாதிரி இருக்கும், அம்மா வடிகட்டாமல் கொடுத்துவிட்டால் தாமுதான் விரல்விட்டு அதை எடுத்துத் தின்பான், அக்கா குடிக்கட்டும் என்று. அப்படிப்பட்ட பையன். கம்பெனி கொடுத்த ஹெட்போன் காதுமடலை நசுக்கி, கம்மல் போட முடியாமல் புண்ணாகிக் கிடந்தபோது, தான் வேலை செய்கிற செல்போன் கடைக்கு யாரோ விற்க வந்த இந்தச் சாமானைப் பேசி வாங்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தவன். "பாடுறவங்க வச்சிருக்கிற சாமான்க்கா, இதுலயே விலை கம்மியானது, ஆனா கொஞ்சம் மெனக்கெட்டா ராஜா மாதிரி ஆயிரும்." மெனக்கெட்டார்கள் இரண்டு பேரும். தலையில் செங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி கனம். அதற்கு, அவள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த காலத்து மிச்சத்துணியை மடித்து, இரும்புப் பட்டைக்கு அடியில் தொட்டில் மாதிரி தொங்குகிற ஒரு நாடா தைத்தாள், கனம் உச்சந்தலையில் குத்தாமல் பரவிக்கொண்டது. கன்னத்தைக் கவ்விப் பிடித்தது. முறுக்கு டப்பாவின்மேல் விரித்து மாட்டி விட்டுவைத்தார்கள், இரும்பு கொஞ்சம் இளகிக்கொடுத்தது. அந்த டப்பா முறுக்கை மாமனும் மருமகளும் தின்று தீர்த்தார்கள்.

புது மெத்தையை எடுத்து மோந்து பார்த்தாள். நூல் வாசம், சோப்பு வாசம். இதற்கு முன்னால் ஒன்று தைத்து அவளே வீணாக்கினாள்: முழுக்கப் பருத்தித் துணி போட்டுத் தைத்தது, பழைய வளையத்தைத் தொடாமல் அதன்மேலேயே வைத்துப் பார்த்தாள், கன்னத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் துணியின் கண் வழியே சத்தத்தின் கனமெல்லாம் ஒழுகிப்போய் மத்தளம் தகரம் மாதிரி கேட்டது. "துணி மூச்சு விடுதுக்கா, அடி சத்தம் தப்பிச்சுப் போயிருது" என்று தாமு சொன்ன பிறகு, தோலில் படுகிற பக்கம் மட்டும் துணி, உள்சுவருக்கு ரெக்சின் என்று மாற்றினாள். காதின் பின்பக்கம் கொஞ்சம் தடிமனாகப் பஞ்சு வைத்தாள், காதுமடல் உள்ளே எதிலும் இடிக்காமல் இருக்க. மெத்தையின் உதட்டை விளிம்பின் பள்ளத்துக்குள் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி நுழைத்தாள், தலையணை உறைக்குள் தலையணையைத் திணிக்கிற மாதிரிதான், கடைசி ஓரத்தில்தான் அடம் பிடிக்கும். நுழைந்துவிட்டது. இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்து, ஆரம்பத்திலிருந்து துண்டை ஓடவிட்டாள். அடேயப்பா. போர்வையை உருவிய மாதிரி இருந்தது. குரல் காதுக்குள் இல்லை, ஒரு முழம் தள்ளி எதிரே உட்கார்ந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பேசுகிறது, த்தூ. ஆனால் தாமு இல்லை. இல்லவே இல்லை. தாமுவுக்கு முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும், 'ச' வருகிற இடத்திலெல்லாம் மெல்லிசாக ஒரு விசில் அடிக்கும், இவனுக்கு அது இல்லை, இவன் 'சரியா, சரியா' என்று அத்தனை முறை சொல்கிறான், ஒன்றிலும் விசில் இல்லை. வனிதாமணி காற்றை வாய்வழியாக ஊதி வெளியே விட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்பார்களே, அவனைப் பெறாத வயிறுதான் இவளுடையது, ஆனாலும் குளிர்ந்தது. பாப்பா தூக்கத்தில் புரண்டு காலை இவள் முதுகில் போட்டாள். ஹெட்போனை உடனே நெஞ்சோடு அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினாள். இந்த ஜாதி ஹெட்போனுக்குப் பின்பக்கம் திறந்த சல்லடை, காதுக்குள் கேட்பதெல்லாம் அறைக்குள்ளும் ஒழுகும், போன மாதம் பாப்பா பூனைக்குட்டியைக் கொஞ்சிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள், அட்சரம் பிசகாமல், மழலையில். அன்றைக்கு வனிதாமணி குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள். அதிலிருந்து பாப்பா விழித்திருக்கும்போது கேட்பதில்லை.

வலது வளையம் இன்னும் மோசம். கோந்து உருகி விளிம்போடு ஒட்டிக் கிடந்தது, இழுக்க இழுக்க மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக நீண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தாள், கையோடு வேறு ஏதோவும் பிய்ந்து வந்தது. பார்த்தால் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரி. வாங்கிய புதுசில் மேல்சத்தமெல்லாம் சுருக்கு சுருக்கென்று குத்துகிறது என்று இவள் சொல்லப்போய், தாமுதான் சல்லடைமேல் இரண்டு பக்கமும் இதைக் குறுக்கே ஒட்டிக்கொடுத்தான். "கூர்மையை மட்டும் கொஞ்சம் மழுக்கும்க்கா, மத்தபடி ஒண்ணும் பண்ணாது." இப்போது இடது பக்கம் ஒட்டியபடி இருக்கிறது, வலது பக்கம் பிய்ந்துவிட்டது. கூர்மையை மட்டும் மழுக்கும். பிளாஸ்திரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அதில் அந்த முன்பின் தெரியாதவனின் நரைமுடி இன்னொன்று ஒட்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் விசைத்தறி டடக் டடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கூர்மை என்றால் எது, விசிலும் கூர்மைதானே. வேண்டாம், இடது பக்கம் கேட்டாயிற்று, இல்லை என்று தெரிந்தாயிற்று, எழுந்து சிவப்பை அழுத்து. ஆனால் கை என்னமோ வலது மெத்தையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தது, பிளாஸ்திரி இல்லாமலே, கட்டைவிரல் தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தது.

வலது பக்கத்தைக் காதில் வைத்தாள். ஓடவிட்டாள். "...சரியா?" என்றது குரல், 'ச'வின் முனையில் ஒரு கீற்று விசில், ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்கு மெல்லிசு. "நான் சொல்றத செஞ்சா போதும், சரியா?" மறுபடியும், மறுபடியும். அந்தப் பல் எப்படி உடைந்தது என்று உலகத்தில் வேறு யாரைவிடவும் வனிதாமணிக்கு நன்றாகத் தெரியும், அடிகுழாயில் அவள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள், அவன் வாய்வைத்துக் குடிக்கக் குனிந்தான், கைப்பிடி எகிறி வாயில் பட்டது, ரத்தத்தோடு அவன் சிரித்தான், அக்காவைத் திட்டுவார்களே என்று தானே விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னான். அந்த வாய். அக்காவுக்காகப் பொய் சொன்ன அந்த வாய்தான் இப்போது எவளோ ஒருத்தியின் மார்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. காதைச் சுற்றி மெத்தென்று பருத்தி, வேர்வை இல்லை, அழுத்தம் இல்லை, காதில் ஒன்று இருக்கிறது என்றே தெரியவில்லை, எவ்வளவு சுகமாக இருக்கிறதோ அவ்வளவு கிட்டத்தில் அந்த வாய். அவன் சொல்லிக்கொடுத்தபடி தைத்த மெத்தை. அவன் கொண்டுவந்த சாமான். அந்த நரைமுடிக்காரன் எவ்வளவோ தேவலை, அவன் வெறும் வேர்வையைத்தான் விட்டுவிட்டுப் போனான்.

கைப்பேசி அதிர்ந்தது. தாமுவேதான். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதிர்ந்து அதிர்ந்து அது தரையில் நகர்ந்தது, செதில்களின்மேல். பாப்பா விழித்துக்கொள்ளப் போகிறாளே என்று எடுத்தாள். "என்னக்கா, பேடு மாத்திட்டியா இல்ல இன்னும் நாத்தத்துக்குப் பயந்துட்டு உக்காந்திருக்கியா?" என்றான். "மாத்திட்டேன்" என்றாள். "எப்படி இருக்குது? நான் சொன்னேன்ல, சும்மா தெறிக்கும்னு!" 'சொன்னேன்', 'சும்மா' என்று இரண்டு 'ச' போய்விட்டன, கைப்பேசிக்குள் விசில் கேட்கவில்லை, கைப்பேசியில் எல்லாக் குரலும் மழுங்கிப்போன குரல்தான். "நல்லாத் தெளிவா கேக்குது" என்றாள். "சாயங்காலம் வர்றேன், பாப்பாவுக்கு என்ன வேணும்? அம்மா போன் பண்ணுச்சு, போலீஸ் சர்டிபிகேட் வந்துருச்சான்னு நாளுக்கு நாலு தடவ கேக்குது, வந்தாத்தான் டிக்கெட்டே போடுவாங்களாம், நீ கொஞ்சம் அதுகிட்டச் சொல்லி வைய்யி." சரி என்றாள். வைத்துவிட்டாள். எவ்வளவு சாதாரணமான குரல். காலையில் பல் தேய்த்து, இட்லி தின்று, கடை திறந்து, நடுவில் ஒரு மணி நேரம் அந்த வேலையும் பார்த்து, அக்காவுக்குப் போன் பண்ணுகிற குரல். துபாயில் ஏசி ரிப்பேர் வேலை, பையன் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால் போய்விடுவான், அம்மா பால் ஊற்றுகிற வீடெல்லாம் சொல்லிவிட்டாள், எம்பையன் பறக்கப் போறான் என்று. சிவப்பு அழுத்தினால் பறக்கமாட்டான். அவ்வளவுதான் கணக்கு. மஞ்சள் அழுத்தினால் ஒரு எச்சரிக்கை போகும், பயந்துவிடுவான், இனிமேல் செய்யமாட்டான், சின்னப்பையன், கூடாத சேர்க்கை. இவள் அழுத்துவதை ஷெர்லி மேடம் எப்போதாவதுதான் திரும்பக் கேட்டுச் சரிபார்ப்பாள். பிளாஸ்திரி சுருள் இதோ டப்பாவில் இருக்கிறது, ஒரு துண்டு கிழித்துக் குறுக்கே ஒட்டினால் விசில் போய்விடும், விசில் போனால் இவன் யாரோ ஒருவன், யாரோ ஒருவனுக்கு மஞ்சள் கொடுத்த பாவம் பெரிய பாவமா? ஒரு துண்டு கிழித்தும்விட்டாள். விரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டு ஆடியது. ஆனால் யாரோ ஒருவன் என்றால் காலையிலேயே சிவப்புத்தானே, கை போனதே. யாரோ என்றால் சிவப்பு, தாமு என்றால் மஞ்சளா? நினைப்பு அந்த இடத்துக்கு வந்து வந்து தடுக்கி விழுந்தது, ஈரத்தரையில் கால் வழுக்குகிற மாதிரி ஒரே இடத்தில்.

கடைசி வரைக்கும் கேட்காமல் எதையும் அழுத்தக்கூடாது, அது வேலையின் சட்டம். இடது பக்கத்துப் பிளாஸ்திரியையும் உரித்தாள். இரண்டு பக்கமும் காதில் பொருந்த மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாள், காலையில் அவள் பேசாத இடமெல்லாம் வெறுமனே ஒன்றுமில்லாமல் இருந்தது, இப்போது அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு அறையே இருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாய். பிளாஸ்டிக் வாளியில் விழுகிற தண்ணீர், முதலில் அடியில் படபடவென்று, போகப்போக நிறைந்து களகளவென்று, அப்புறம் விளிம்பு வழிந்து சிமெண்டுத் தரையில். அவள் குழாயை மூடவில்லை. வனிதாமணிக்குப் புரிந்தது, எந்தப் பெண்ணுக்குத்தான் புரியாது, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே வீட்டு ஆட்களுக்குக் கேட்காமல் இருக்க முழுசாகக் குழாயைத் திறந்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தூரத்தில் ஒரு பொம்பளைக் குரல், அவள் அம்மாவாக இருக்கும், "எத்தன நேரந்தான் குளிப்ப? தண்ணி வீணாப் போவுது பாரு!" என்கிறது. அந்தப் பிள்ளை, "இதோம்மா" என்கிறாள், சிரித்த மாதிரி குரலை மாற்றிக்கொண்டு. மாற்றி முடித்ததும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது, குளிரில் அடித்துக்கொள்கிற மாதிரி, அவ்வளவு கிட்டத்தில், அந்தப் பாலாடைத் தாள் அதையும் விடாமல் ஆடிக் காட்டுகிறது. அப்போது அவன் சிரித்தான். மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துச் சிரிக்கிற சிரிப்பு, கிச்சுக்கிச்சு மூட்டினால் தொட்டில் குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான் சிரிப்பான், அதைக் கேட்பதற்காகவே வனிதாமணி ஓயாமல் மூட்டுவாள், இப்போது பாப்பாவுக்கும் மாமன் அப்படிச் சிரித்தால்தான் பிடிக்கும். "அம்மா கிட்டச் சொல்லேன் பாப்போம்" என்றான், சிரிப்போடு. துண்டு முடிந்தது.

விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்த பிளாஸ்திரியைச் செய்தித்தாளில் தேய்த்து விட்டாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. குமட்டல் வந்தால் எப்படி யோசிக்காமல் வாசலுக்கு ஓடுவோமோ அப்படித்தான், எழுந்து போய்ச் சிவப்பை அழுத்தினாள், மிரட்டல் என்ற கட்டத்திலும் குறி போட்டாள், கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில், 'பெண் குளியலறையில் ஒளிந்து பேசுகிறாள், பயத்தில் இருக்கிறாள், உடனே பார்க்கவும்' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். அனுப்பியதும் பயம் வந்தது. அம்மா முகமாக, பால் ஊற்றுகிற வீட்டு வாசல்களாக, 'கூடப்பொறந்தவளே' என்று ஆரம்பிக்கிற பேச்சாக, வந்துகொண்டே இருந்தது. செதில்களைத் தாளோடு சுருட்டினாள், பழைய வளையங்களையும் அதற்குள் வைத்துக் கட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். காதைக் கழுவப் போனவள் கழுவவில்லை, எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தச் சிரிப்பு போகாது, அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை.

பாப்பா எழுந்து பால் குடித்து, பொம்மைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது தாமு வந்தான். வாசலில் செருப்பை உதறும்போதே, "தன்வி குட்டீ, மாமா யாருக்கு வாழக்கா சிப்ஸ் வாங்கியாந்திருக்கேன் சொல்லு?" என்று கத்தினான். பாப்பா பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். எண்ணெய் மின்னும் தலை, நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர்.

"ஏக்கா, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது? மாமா கூடச் சண்டையா?"

"இல்ல. உக்காரு."

"டீ வெக்கல? சரி சரி, மகாராணி வேலையில இருக்கீங்களாட்டங்குது." கட்டிலில் கிடந்த ஹெட்போனைக் கண்டதும் அவன் முகம் விரிந்தது. பாப்பாவை மடியில் இருத்திக்கொண்டே அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கினான். "அட, பின்னாடி தடிப்பா வச்சு, முன்னாடி எளைச்சு... கடையில விக்கிறதே இப்படி இருக்காதுக்கா. அந்தக் கெழவன் நாத்தம் போயே போச்சு! பிளாஸ்திரி எங்கே? ரெண்டு பக்கமும் காணோம்?"

"எடுத்துட்டேன்."

"குத்துமேக்கா."

"குத்தட்டும்."

பாப்பா சிப்ஸ் துண்டு ஒன்றை அவன் வாயில் திணித்து, விலாவில் விரலை விட்டது. அவன் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரித்தான். வனிதாமணி ஒரே எட்டில் வந்து பாப்பாவை அவன் மடியிலிருந்து தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பாப்பா அழ ஆரம்பித்தது. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மல்லிகாக்காவிடம், "கொஞ்ச நேரம் பாத்துக்கங்கக்கா" என்று கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். தாமு சிரிப்பு பாதி நின்ற வாயோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா ஆச்சு?"

அவள் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், தெரிந்தால் வேலை போகும், போகட்டும். துண்டை ஆரம்பத்துக்குத் தள்ளினாள். ஹெட்போனை இரண்டு கையாலும் விரித்து, சின்னதில் அவனுக்குத் தலை துவட்டிவிட்ட மாதிரி, அவன் தலையில் மாட்டினாள். காதுமடல் மடங்காமல் விரலால் எடுத்து உள்ளே விட்டாள்.

"என்ன பாட்டு?" என்றான்.

"பாட்டில்ல."

"அப்புறம்?"

அவள் கை ஹெட்போனை விடவில்லை. ஒரு பக்க மெத்தையை மட்டும் கொஞ்சம் தூக்கி, அவன் காதுக்குள் சொன்னாள்:

"மெத்துனுதான் இருக்கும் தாமு, வலிக்காது. அந்தப் புள்ளைக்குப் பின்னால தண்ணி விழுகிற சத்தம் நிக்கிற வரைக்கும் கழட்டாமக் கேளு சாமி."